அக்கா வீட்டு வெள்ளச்சி: வைட் விடோ விதைப் பொதியோடு ஒரு கோடைகாலம்

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், இந்தக் கஞ்சாக் கன்று வளர்ந்தது கனடாவின் ஸ்காபரோவில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கஞ்சாவை வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம், 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது, ஆயுர்வேத மருந்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம், ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்கு நான்கு கன்று வரை வளர்க்கலாம், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடந்த வருடம் மே மாதம் தொடங்கி ஆறு மாதம் அக்கா வீட்டில் நின்றேன். அத்தான் காலமாகி இரண்டு வருடம், அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, வீட்டில் மருமகன் மட்டும். அவனுக்கு 26 வயது. நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் காலை ஒரு சின்னப் பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"மாமா, நீங்கள் கொழும்பிலயே பல்கனியில மரக்கறி வளர்க்கிற ஆள், இதையும் ஒருக்காப் பாருங்கோவன்."

அதற்குள் நான்கு விதை. வைட் விடோ என்ற கலப்பினம், பெண் கன்று மட்டும் தரும் வகை. உரிமம் பெற்ற ஒரு கடையில் இணையம் வழியாக எடுத்திருக்கிறான், 50 டொலருக்குக் கொஞ்சம் மேல். நான்கு விதைக்கு அந்தக் காசு எனக்குக் கூடுதலாகத்தான் பட்டது. இங்கே ஒரு பொதி ரெட் லேடி பப்பாசி விதை வாங்கும்போதே ஒவ்வொரு விதையாக எண்ணிப் பார்க்கிறவன் நான்.

பப்பாசி வளர்த்தவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாக விளங்கும். பப்பாசியில் ஆண் மரம் இருப்பதுபோல கஞ்சாவிலும் ஆண் கன்று, பெண் கன்று தனித்தனி. ஆணின் மகரந்தம் பட்டால் பெண் கன்று தன் பலத்தை எல்லாம் விதைக்குக் கொடுத்துவிடும், பூவில் போதை தரும் பிசின் குறைந்துவிடும். அதனால்தான் பெண் விதையாகவே தயாரித்து விற்கிறார்கள். அப்புறம், ரெட் லேடியின் விதையை எடுத்து மறுபடி நட்டால் தாய் மரம்போல வராது அல்லவா, கலப்பினக் கஞ்சாவும் அப்படித்தான், ஒவ்வொன்று ஒவ்வொரு விதமாக வரும்.

வைட் விடோ 1990களில் ஒல்லாந்தில் உருவான இனம். கஞ்சாவில் சட்டிவா, இண்டிகா என்று இரண்டு வகை சொல்வார்கள், இதன் ஒரு பெற்றோர் பிரேசிலில் இருந்து போன சட்டிவா, மற்றது தென்னிந்தியாவில் இருந்து போன இண்டிகாக் கலப்பு, கேரள மலைப்பக்கத்தது என்று சொல்லப்படுகிறது. 1995 இல் அம்ஸ்டர்டாமில் கஞ்சா இனங்களுக்கென்று நடந்த கனபிஸ் கப் போட்டியில் பரிசு வாங்கியது, அதற்குப் பிறகு அங்கே கஞ்சா விற்கும் கோப்பிக் கடைகளில் இதன் பெயர் இல்லாத பட்டியலே இல்லை என்கிற அளவுக்குப் பரவியது. முதலில் இதை உருவாக்கியது யார் என்பதில் இரண்டு வளர்ப்பாளர்களுக்கு இடையே இன்றைக்கும் சர்ச்சை உண்டு. எனக்கு அந்தக் கேரளப் பக்கம்தான் மனதில் நின்றது. மன்னாரிலும் வடமராட்சியிலும் 'கேரள கஞ்சா' பிடிபட்டது என்று மாதத்துக்கு நாலு தடவை செய்தி வாசிக்கிறோம், படகில் பொதி பொதியாக. அதே மலையின் ஒரு வேர் ஒல்லாந்து போய், கனடா வந்து, கடைப் பற்றுச்சீட்டோடு அக்காவின் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

பெயரைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. வெள்ளை விதவை என்று அர்த்தம். பூ பழுத்து வரும்போது பிசின் முத்துகள் வெள்ளையாக மூடிவிடும், அதற்காக வைத்த பெயர் என்று மருமகன் விளக்கினான். ஒல்லாந்துக்காரருக்கு அது வெறும் பெயர். எங்கள் வீடுகளில் வெள்ளைச் சேலைக்கும் அந்தச் சொல்லுக்கும் இருக்கிற பாரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? "இந்தப் பேரை என்ர வீட்டுக்குள்ள சொல்லாதை தம்பி" என்றார் அக்கா. அன்றிலிருந்து நாங்கள் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் அக்காவே அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தார், அதனால் இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

முளைக்க வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி இரண்டு தட்டுக்கு நடுவே இருட்டில் வைத்தோம். மூன்றாம் நாள் மூன்று விதையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. நான்காவது முளைக்கவே இல்லை, எட்டாம் நாள் பிளந்து பார்த்தால் உள்ளே வெறும் கோது. மருமகன் கடைக்கு எழுதினான். முளைப்புக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பக் கிடைக்காது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான்கில் ஒன்று போனால் காசில் கால்வாசி போன கணக்கு. விதைக்காரருடைய குறை வேறு, விற்றவருடைய குறை வேறு, ஆனால் வாங்கியவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் எடுப்பதாக இருந்தால் முளைக்காத விதைக்கு மாற்று விதை தருவார்களா என்று முதலே கேட்டுவிட்டு எடுங்கள்.

ரொறன்ரோப் பக்கம் மே மாதம் 24 ஆம் திகதியை ஒட்டி வரும் விடுமுறைக்கு முன்னால் எதையும் வெளியே நடாதே என்று சொல்வார்கள், உறைபனி விழும். அதுவரை யன்னலோரம் சின்னக் கோப்பையில் வைத்திருந்து, பிறகு 30 லீட்டர் துணிச் சாடிக்கு மாற்றினோம். தக்காளிக்குப் பக்கத்தில், கத்தரிக்கு இந்தப் பக்கம். துணிச் சாடி எனக்குப் புதிது, வேர் சுற்றிச் சுற்றி ஓடாமல் துணியில் முட்டியதும் நுனி காய்ந்து பக்க வேர் விடுகிறது, தண்ணீரும் தேங்காது. கொழும்புக்கு வந்து என் கொச்சி மிளகாய்க்கு அதையே வாங்கிவிட்டேன், இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பொருள் அதுதான்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் இவ்வளவு வேகமாக வளரும் கன்றைப் பார்த்ததில்லை. காரணம் வெளிச்சம். ஜூன் நடுப்பகுதியில் அங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல், இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் நிற்கிறது. கஞ்சாக் கன்று இரவின் நீளத்தை வைத்துத்தான் பூக்கும் காலத்தை முடிவு செய்கிறது, பகல் நீளமாக இருக்கும் வரை இலையும் கிளையும்தான், இரவு நீள ஆரம்பித்ததும் பூ. கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம் என்று போகிற நாட்டில் இருந்து வந்தவனுக்கு, ஒரு செடி நாட்காட்டி வாசிப்பதைப் பார்ப்பது பெரிய அதிசயம். ஓகஸ்ட் முதல் வாரத்தில் கணுக்களில் வெள்ளை மயிர்போல இரண்டு இரண்டாக எட்டிப் பார்த்தபோது அக்கா ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வந்து கூப்பிட்டார், "வெள்ளச்சி பெரிய பிள்ளையாயிட்டாள்." அதுவரை அந்தச் சாடிகளின் பக்கம் அவர் திரும்பியும் பார்த்ததில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நடுவில் ஒரு இழப்பு. அக்கா மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டவே மாட்டார், யாழ்ப்பாணத்தில் அம்மா செய்ததுபோல கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் ஊற்றுவார். நானும் யோசிக்காமல் மூன்று சாடிக்கும் ஊற்றினேன், தழைச்சத்து நல்லதுதானே. அன்று இரவே றக்கூன் என்ற காட்டு விலங்கு வந்து ஒரு சாடியை உருட்டி, மண்ணைக் கிண்டி, தண்டை முறித்துப் போட்டுவிட்டது. மூன்றடிக் கன்று. காலையில் பார்த்தபோது வயிறு எரிந்தது. அங்கே மீன் தண்ணீர், மீன் எலும்புத் தூள் எதையும் வெளிச் சாடிக்குப் போடாதீர்கள், தக்காளிக்கு விற்கும் பசளையே போதும். இலை வளரும் காலத்தில் நைதரசன் கூடியது, பூ வந்த பிறகு அதைக் குறைத்துப் பொஸ்பரசும் பொட்டாசியமும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்கிற அதே கணக்கு.

மிஞ்சிய இரண்டையும் ஐந்தாவது கணுவுக்கு மேலே நுனி கிள்ளிவிட்டேன், செவ்வந்திக்குக் கிள்ளுவதுபோல. இரண்டும் புதராக விரிந்து, நெஞ்சளவு உயரத்தில் நின்றுவிட்டன. வேலிக்கு மேல் தெரியாது, அது முக்கியம். இந்த இனத்தின் மிகப் பெரிய நல்ல குணம் இந்த அடக்கம்தான். முதன்முதல் வளர்ப்பவர் தண்ணீரைக் கூடக் குறைய ஊற்றினாலும் பொறுத்துக்கொள்ளும், ஒரு நாள் மறந்தால் இலை தொங்கும், ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிரும். என்னுடைய வெற்றிலைக்கொடி இதைவிடப் பத்து மடங்கு கோபக்காரி.

அடக்கமில்லாதது வாசம். செப்டெம்பர் பிறந்ததும் மாலை நேரத்தில் முற்றம் முழுக்க. செய்திகளில் வாசித்து நான் மனதில் வைத்திருந்த வாடை இது இல்லை. கிட்டப்போய் ஒரு பூவை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்தால் முதலில் பச்சை மிளகு, அதற்குப் பிறகு வெட்டிய மரப்பலகை, கடைசியில் எங்கேயோ ஒரு தேசிக்காய்த் தோல். மிளகு வாசம் கற்பனை இல்லை, மிளகில் இருக்கும் கரியோபிலின் என்ற அதே வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது. அக்காவுக்குத்தான் கவலை, "பக்கத்து வீட்டுச் சனம் என்ன சொல்லுவினம்?" பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் நம்மவர்கள், பருத்தித்துறைக்காரர். அந்த ஐயா ஒரு நாள் வேலியோரம் வந்து, "தங்கச்சி, சிவமூலி வாசம் வருது, எங்கட அப்பு சித்த வைத்தியர், அவற்ற மருந்துப் பெட்டி ஞாபகம் வருது" என்றார். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, அத்தான் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. ஆனால் எல்லா அயலவரும் அந்த ஐயாபோல இருக்க மாட்டார்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும், வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த இனத்தின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான குறையை இனிச் சொல்கிறேன். வெளியில் வளர்த்தால் ஒன்ராறியோவுக்கு இது பிந்திப் பழுக்கிறது. பூக்கத் தொடங்கி எட்டு, ஒன்பது வாரம் எடுக்கும், அப்படிப் பார்த்தால் ஒக்டோபர் ஆகிவிடும். அதற்குள் மழை வந்துவிடும். பூவோ கல்லுப்போல இறுக்கம், உள்ளே போன ஈரம் வெளியே வராது. செப்டெம்பர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பார்த்தால் பெரிய பூவின் நடுவில் ஒரே ஒரு இலை மட்டும் மஞ்சளாகி வாடியிருந்தது. மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, விரித்துப் பார்த்தால் உள்ளே மண்ணிறமாக அழுகி, சாம்பல் பூஞ்சை. பொட்ரைட்டிஸ். திராட்சையையும் ஸ்ட்ரோபரியையும் பிடிக்கிற அதே நோய். நல்ல இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மருமகன் கெஞ்சினான், நான் விடவில்லை. பூஞ்சை பிடித்ததை மூச்சில் இழுப்பது நெஞ்சுக்கு ஆபத்து. உச்சிப் பூ முழுவதையும், அதற்குக் கீழே நான்கு விரல்கடை தண்டையும் வெட்டி எறிந்தோம். இரவில் சாடிகளைக் கார் கொட்டகைக்குள் தள்ளிவைக்கப் பழகியது அதற்குப் பிறகுதான், முதலே செய்திருந்தால் அந்தப் பூ தப்பியிருக்கும்.

எப்போது அறுப்பது என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நகைக்கடையில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பூவின் மேல் இருக்கும் பிசின் முத்துகள் முதலில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், பிறகு பால்போல மங்கும், பிறகு தேன் நிறம் ஏறும். நாங்கள் ஒக்டோபர் 5 ஆம் திகதி அறுத்தபோது அநேகமாக எல்லாம் பால், தேன் நிறம் அங்கொன்று இங்கொன்று. இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாம், மழையைப் பார்த்துப் பயந்து எடுத்தோம். கண்ணாடிக்குள் அந்த வெள்ளையைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு இலை நுனியிலும் சீனியை உருக்கி ஊற்றினதுபோல. அக்கா அந்தக் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எதுவும் சொல்லவில்லை.

உலர்த்துவதில் அவசரப்பட்டால் அவ்வளவு மாத உழைப்பும் வைக்கோல். கிளையோடு தலைகீழாகக் கட்டி, நிலவறையில், வெளிச்சம் இல்லாமல், 18 முதல் 20 பாகை வெப்பம், ஈரப்பதம் 60 வீதத்துக்குக் கிட்ட, பத்து நாள். காற்றாடியை நேரே பிடிக்கக் கூடாது, சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். தண்டை மடக்கினால் 'டக்' என்று முறிய வேண்டும். அதற்குப் பிறகு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். முதல் நான்கு நாள் வெட்டிய புல் வாசம்தான் வரும், பயந்துவிட்டேன். எட்டாம் நாள் திறந்தபோது மிளகு திரும்பி வந்துவிட்டது. இரண்டு கன்றில் உலர்ந்த பிறகு 110 கிராம். அறைக்குள் விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் இதைவிட எடுப்பார்கள், ஆனால் எங்களுக்கு விளக்குச் செலவும் மின்சாரச் செலவும் இல்லை.

அனுபவித்துப் பார்த்ததைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால், இரவுச் சாப்பாடு முடிந்து, நானும் மருமகனும் பின் முற்றத்தில். புகைக்கவில்லை, பூவை எரிக்காமல் சூடாக்கி ஆவியாக எடுக்கும் கருவி அவனிடம் இருந்தது. இரண்டே இழுவை. பெருவிரல் நகத்தில் பாதி அளவு பூ இருக்கும். பத்து நிமிடத்தில் தோள்பட்டை இறங்கியது, மனம் தெளிவாகவே இருந்தது, பேச்சு கூடியது. அத்தானைப் பற்றித்தான் பேசினோம், அவர் பொறளையில் வேலை செய்த காலம், 83 இனக்கலவரத்தின்போது கப்பலில் காங்கேசன்துறை போனது, மருமகனுக்குத் தெரியாத கதைகள். சிரித்தோம், அழவும் செய்தோம். ஒன்றரை மணி நேரத்தில் மெல்ல இறங்கி, தூக்கம் வந்தது. சோம்பலாக அமுக்கவும் இல்லை, நெஞ்சு படபடக்கவும் இல்லை. இரண்டு பெற்றோரின் குணமும் சமமாக வந்த கலப்பினம் என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால் இதன் வீரியம் சின்னதில்லை, கடையில் விற்கும் வைட் விடோவின் பொதியில், போதை தரும் பொருளான டிஎச்சி 20 வீதம் என்றெல்லாம் போட்டிருக்கும். முதல் தடவை ஒரு இழுவை, பிறகு கால் மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். சாப்பாட்டில் கலந்து எடுப்பது வேறு கணக்கு, ஏறவே இரண்டு மணி நேரம் எடுக்கலாம், ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொரு துண்டு தின்றவர்கள்தான் அவசரப் பிரிவில் போய் நிற்பது. அன்று இரவு காரை யாரும் தொடவில்லை. குடும்பத்தில் மனநோய் வரலாறு இருந்தால், இதய வருத்தம் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், இந்தப் பக்கமே வேண்டாம்.

அக்கா எடுக்கவில்லை. முழங்கால் வலிக்கு நல்லது என்று பலர் சொன்னார்கள், அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குடிக்கிறார், கஞ்சா அந்த மருந்தின் வேலையைக் கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கலாம், வைத்தியர் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். வலி மருந்தென்று யாராவது பெரியவர்களுக்குக் கொடுக்க நினைத்தால் அவர்கள் குடிக்கும் குளிசைப் பட்டியலை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நான் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தேன். விதை, பூ, தூள் ஒன்றும் இல்லை. கனடாவில் இருந்து வெளியே கொண்டுபோவதே அங்கே குற்றம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று சொல்லவே தேவையில்லை. உடுப்புப் பெட்டியைக்கூட மருமகனிடம் கடன் வாங்காமல் என்னுடையதையே கொண்டு வந்தேன்.

ஆக, நான்கு விதைக்கு அந்த விலை கூட, ஆனால் முளைத்த கன்று அந்தக் காசுக்கு வஞ்சகம் செய்யவில்லை. கார் கொட்டகையோ கண்ணாடிக் கூடாரமோ இருந்தால் தயங்காமல் வைட் விடோ எடுக்கலாம். திறந்த முற்றம் மட்டும்தான் என்றால், பகல் நீளத்தைப் பார்க்காமல் விதைத்துப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தானாகப் பூத்து முடிக்கும் வகை ஒன்று இருக்கிறது, ஓட்டோஃபிளவர் என்பார்கள், ஓகஸ்ட்டிலேயே அறுத்து மழைக்குத் தப்பலாம். விளைச்சல் குறைவு, பூஞ்சைப் பயமும் குறைவு.

இதைத்தான் போன கிழமை அக்காவுக்கும் வாட்ஸப்பில் சொன்னேன். "தானாப் பூக்கிறது வேண்டாம் தம்பி, எனக்கு வெள்ளச்சிதான் வேணும், கொட்டகைக்குள்ள நான் தள்ளிவைக்கிறன், இப்ப கால் பரவாயில்லை" என்றார். நேற்று மறுபடி எடுத்து, விதை எப்போது ஊறப் போட வேண்டும் என்று கேட்டார். மே முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறேன், மீன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றும்.